இரண்டாம் எண் கோப்பை

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினேன். நான் போக வேண்டிய தோர்ண்டன் ஹீத் அங்கிருந்து எட்டு மைல். அரை மணிக்கும் குறைவான பயணம். நாள் முழுக்க ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றிவர ஒரே சீட்டு, மூன்று பவுண்டு சொச்சம். அந்த 1994 நவம்பரில் ஒரு பவுண்டு ஏறத்தாழ ஐம்பது ரூபாய். எதை வாங்கினாலும் ஐம்பதால் பெருக்கிப் பார்த்து வயிறெரிவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பவன் நான். வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் ஒரு சுழற்று சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். விழுங்குவது கிடையாது. கம்பெனி வேலையாக இரண்டு வாரம் லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். கிளம்பும்போது என் மனைவி கோமதி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த ஊர்ல பீரையும் பிராந்தியையும் தண்ணி மாதிரி குடிப்பாங்களாம். ஒரு சொட்டு உங்க தொண்டைக்குள்ள போகக் கூடாது."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். துப்பியே சம்பாதிக்கிறவனுக்கு இது ஒரு கஷ்டமான சத்தியமா?

கிளாப்பம் ஜங்ஷன், பாலம், நார்பரி என்று ரயில் நின்று நின்று போனது. தண்டவாளத்தின் இருபுறமும் வீடுகளின் பின்பக்கம். துணி காயும் கொடி, துருப்பிடித்த சைக்கிள், இலை கொட்டிய ஆப்பிள் மரம். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் மடியில் ஒரு வெடிப் பெட்டி வைத்திருந்தார். தீபாவளி முடிந்து மூன்று நாள்தானே ஆகிறது, இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேவிட்டேன். இன்று ஊரெல்லாம் வெடி விடும் நாள் என்றார். பல நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவன் நாடாளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்தானாம். அவனைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியை வெடி வைத்தே கொண்டாடுகிறார்களாம். "ஏழு மணிக்குப் பாருங்கள், வானமே கிழியும்" என்றார். எனக்கு உடனே மலரின் நினைவு வந்தது.

நான் பார்க்கப் போய்க்கொண்டிருந்த மலரும் அவள் கணவர் சிவநேசனும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். 1984-ல் அங்கிருந்து உடுத்த துணியோடு கிளம்பித் திருச்சிக்கு வந்து, என் மாமனார் வீட்டு மாடியில் எட்டு மாதம் குடியிருந்தார்கள். அந்தத் தீபாவளிக்குத் தெருவில் முதல் வெடி வெடித்ததும் மலர் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை. கோமதி தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி, விடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் லண்டன் போய்ச் சேர்ந்த பிறகும் கோமதி எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் "இப்போது தூங்குகிறாயா?" என்று ஒரு வரி இருக்கும்.

தோர்ண்டன் ஹீத் நிலைய வாசலில் சிவநேசன் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"வாங்கோ அண்ணை. குளிர் பிடிச்சுதோ?"

"பிடிக்காம விடுமா? காது இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே வர்றேன்."

கடைத்தெரு வழியே நடந்தோம். முருங்கைக்காய் ஒன்று அறுபது பென்ஸ். முப்பது ரூபாய்! என் குன்னூர் வீட்டுப் பின்பக்கம் ஒரு மரம் நட்டிருந்தால் நான் சீமான். சிவநேசன் நடந்துகொண்டே தம் கதையைச் சொன்னார். ஏழு வருடமாகப் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. பகலில் சில மணி நேரம் பக்கத்து பப் ஒன்றின் நிலவறையில் பீர்ப் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்கிறார். பப்பின் சொந்தக்காரர் டங்கனுக்குத் தாய் வழி ஸ்காட்லாந்து. அந்த நாட்டு மாதிரியில், கறுத்து, மால்ட் மணம் கனத்த ஓர் எயில் தம் பப்பிலேயே காய்ச்சி விற்க வேண்டும் என்பது அவர் ஆசை. எயில் என்பது பீரில் ஒரு வகை; மால்ட் என்பது அதற்காக முளைகட்டிக் காயவைத்த பார்லி. கொல்லையில் கொப்பரையெல்லாம் வாங்கிப் போட்டாயிற்று. காய்ச்ச ஆள் வேண்டும். சிவநேசனையும் சேர்த்து மூன்று பேர் ஆளுக்கொரு பீப்பாய் செய்து கொடுத்திருக்கிறார்கள். அன்று மாலை ருசி பார்த்து எது தேறுகிறதோ, அதைச் செய்தவருக்கு அந்த வேலை.

"கிடைச்சா பகல் வேலை அண்ணை. பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டை வந்திடுவன். இப்ப நான் ராவிலை போனா அவ லைட்டைப் போட்டுக்கொண்டு விடியுமட்டும் குந்தியிருக்கிறா. கதவு ஒண்டு அடிச்சுச் சாத்தினாலும் எழும்பிடுவா."

"இன்னும் தூக்கம் வரலையா?"

"பத்து வருசமாச்சு, அண்ணை."

அதோடு இன்னொரு குண்டையும் போட்டார். மூன்றாவது நடுவருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டதாம். தேயிலை ருசி பார்ப்பவர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்று இவர் வாய் தவறிச் சொல்ல, அவரையே அழைத்து வா என்று டங்கன் பிடித்துக்கொண்டாராம். கோமதியின் தலை என் கண்முன் வந்து போனது.

வீட்டில் மலர் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து எனக்கு மட்டும் பரிமாறினாள். அவள் கையில் ஒரு தம்ளர் பால்.

"அக்கா சுகமா இருக்கிறாவோ?" என்றாள்.

"நல்லா இருக்கா. நீ சாப்பிடலையாம்மா?"

"கந்தசஷ்டி விரதம், அண்ணை. ஆறு நாளும் பால் மட்டுந்தான்."

"என்ன வேண்டுதல்?"

"நேத்தியை வெளியிலை சொன்னா பலிக்காது" என்று சிரித்துவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். இந்த வீட்டில் மாமிசம் இல்லை, மது இல்லை. கணவரோ பீர் காய்ச்சுகிறார். எப்படி ஒத்துப்போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். நல்ல குழம்பு. ஆனால் ருசி பார்க்கப் போகிறவன் காரம் தின்னக் கூடாது என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது. வாயை நாலு தடவை கொப்பளித்தேன்.

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. ஐந்தரைக்குக் கிளம்பக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தோம். தெருக்கோடியில் முதல் வாணம் சீறிப்போய் வெடித்தது. மலரின் கையிலிருந்த தம்ளர் விழுந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "நீங்கள் போங்கோ. நான் ரேடியோவைக் கூட்டி வைக்கிறன்" என்றாள். உதடு மட்டும்தான் பேசியது.

சிவநேசன் கோட்டைக் கழற்றினார். "நான் போகேல்லை. அண்ணை, நீங்கள் போய்ப் பாத்துச் சொல்லுங்கோ."

"இண்டைக்குப் போகாட்டி எப்ப போறது? எனக்காக நிக்க வேண்டாம்!" மலர் அழுதேவிட்டாள்.

இன்னொரு வெடி. சிவநேசன் அப்படியே நின்று யோசித்தார். பிறகு கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டார்.

"நீரும் வாரும். பப்புக்கு இல்லை. கீழை, நிலவறைக்கு. அங்கை இடி விழுந்தாலும் கேளாது."

"விரதகாரியைக் கொண்டுபோய் பீர்ப் பீப்பாய்க்குள்ளையோ இருத்தப்போறியள்?"

"முருகனும் மலையைக் குடைஞ்ச ஆள்தானே. கோவிக்கமாட்டார்."

அவளைக் கையணைப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னே போக, நான் மெய்க்காவலன் மாதிரி பின்னே போனேன். ஐந்து நிமிட நடைதான். தலைக்கு மேலே பச்சையும் சிவப்புமாகப் பூக்கள் விரிந்தன. நான் வேறு ஊரில் வேறு வேளையில் பார்த்திருந்தால் ரசித்திருப்பேன். அன்று ஒவ்வொன்றும் வெடிப்பதற்குள் அடுத்த மூலை வந்துவிடக் கூடாதா என்றிருந்தது.

பப்பின் கொல்லை வழியாகப் படி இறங்கினோம். செங்கல் வளைவுக் கூரை, பழைய கட்டடம். உள்ளே கிணற்றடிக் குளிர்ச்சி. மரச் சட்டங்களின் மேல் பீப்பாய்கள் படுத்திருந்தன. ஒன்றிலிருந்து மட்டும் மெல்லிய உஸ்ஸென்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. சிவநேசன் கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் நின்றுபோனது. ஒரு நாற்காலியைப் போட்டுக் கம்பளியைச் சுற்றிவிட்டார். மலர் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"சத்தமில்லை, என்ன?" என்றாள்.

"சொன்னனே. இரும். நான் போகமாட்டன்."

போட்டிக்காரர் கீழே தங்கிவிட, நடுவராகிய நான் மட்டும் மேலே போனேன். டங்கன் ஆறடிக்கு மேல். கை குலுக்கியதில் என் மோதிரம் நெளிந்தது. இன்னொரு நடுவர் மார்கரெட், ஓய்வுபெற்ற தபால்காரி. அவர் எதிரில் சாதாரண பீர் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், இருந்தது. விலை ஒரு பவுண்டு எழுபது. மேசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டு ஒட்டிய கண்ணாடிக் கோப்பைகள். எது யாருடையது என்பது டங்கனின் மனைவிக்கு மட்டும் தெரியும். நான் போட்டிக்காரர் வீட்டில் சாப்பிட்டவன் என்று முன்கூட்டியே சொன்னேன். "எது அவருடையது என்று தெரியுமா?" என்றார் டங்கன். தெரியாது. "பிறகென்ன, உட்காருங்கள்" என்றார்.

முதல் கோப்பையை எடுத்து, தொழில்முறைப்படி சர்ரென்று உறிஞ்சி, பக்கத்து வாளியில் துப்பினேன். பப்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விழுங்கணும், அன்பரே" என்றார் மார்கரெட். "கசப்பு தொண்டைக்குள்ளே போன பிறகுதான் பேசும்."

என் சத்தியத்தைச் சொன்னேன். மார்கரெட் சிரிக்கவில்லை. "அப்படியானால் துப்புங்கள். பீரைவிட மனைவி பெரியவள்" என்றார்.

ஒன்றாம் எண் சிவப்பாக அழகாக இருந்தது. வறுத்த மணம் உண்டு. நாக்கில் நடுப்பகுதி வெற்றிடம். ஓரத்தில் ஒரு புளிப்பு. ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாம் எண்ணை விளக்குக்கு நேரே பிடித்தால்தான் அடியில் செம்மை தெரிந்தது. நுரை பழுப்பு. முகர்ந்தேன். பிஸ்கட்டின் சிவந்த விளிம்பு, வறுத்த தானியம், அடுப்பிலிருந்து சரியான நொடியில் இறக்கிய சர்க்கரைப் பாகு. நாக்கில் கனமாகப் படிந்தது, பிசுபிசுக்கவில்லை. எங்கள் தொழிலில் அஸ்ஸாம் தேயிலைக்கு 'மால்ட்டி' என்று எழுதுவோம். இருபது வருடமாக அந்தச் சொல்லை எழுதி வந்திருக்கிறேன். அதன் சொந்தக்காரரான மால்ட்டை அன்றுதான் நேரில் சந்தித்தேன்.

மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோய் இரண்டு தடவை முகர்ந்தேன். சுத்தமான வெல்ல வாசனை. பின்னாலேயே ஏலக்காய்! இந்தத் தெருவில் பீப்பாய்க்குள் வெல்லமும் ஏலமும் போடுகிறவர் வேறு யார் இருக்க முடியும்? இது சிவநேசனுடையதேதான். ஆவலோடு வாயில் விட்டேன். வெல்லம் நாக்கில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டது, எழுந்திருக்கவில்லை. மால்ட் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

டங்கன் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். புதுமையாக இருக்கிறது, ஆட்கள் பேசுவார்கள் என்றார். மார்கரெட் மேசையைத் தட்டி இரண்டு என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்று என்று ஒரு சொல் சொன்னால் போதும். சிவநேசன் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். என் காலுக்குக் கீழே, அந்தத் தரைக்கு அடியில், பட்டினியோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இந்த நாக்கை வைத்துத்தான் என் பிழைப்பு. அதற்குச் சமாதானம் சொல்ல ஏதாவது வேண்டுமே! இரண்டாவதில் ஒரு குறை கிடைத்தால் மனசாட்சி உறுத்தாது. நான் துப்பிவிட்டதால்தானே கடைசிக் கசப்பு தெரியவில்லை? அங்கே ஏதாவது கோளாறு இருக்கலாம். குறை கண்டுபிடிப்பதற்காகவே இரண்டாம் கோப்பையை எடுத்து ஒரு வாய் விழுங்கினேன்.

குறை இல்லை. தொண்டையில் மெல்லிய கசப்பு ஒன்று வந்து, இனிப்பையெல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. இன்னொரு வாய் கேட்டது நாக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இரண்டு" என்றேன்.

டங்கனின் மனைவி பெயர் எழுதிய சீட்டைப் பிரித்தார். மூன்று, குழாய் வேலை செய்யும் கெவின். தமிழ்க் கடைக்காரர் யோசனை சொல்லி வெல்லமும் ஏலமும் விற்றிருக்கிறார். இவரும் வாங்கிப் போட்டிருக்கிறார். ஒன்று, யாரோ ஒரு மாணவர். இரண்டு, சிவநேசன்.

படிகளில் நான் இறங்கியதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கதவைத் தள்ளி, "சிவ..." என்று ஆரம்பித்தேன். அவர் சட்டென்று விரலை உதட்டில் வைத்தார். மலர் அவர் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் அவரைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டினேன். இன்னொரு தடவை ஆட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனால் தோள் அசைந்தால் அவள் விழித்துக்கொள்வாளே! மனிதர் அசையாமல் அழுதார். பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் நானும் உட்கார்ந்தேன்.

"பாகு காய்ச்சினது இவதான், அண்ணை" என்று காதோடு சொன்னார். "பார்லிச் சாத்திலை ஒரு பானையைப் புறம்பா எடுத்து வத்தக் காய்ச்சவேணும். புளிக்கிறதுக்கு முந்தி அதிலை மதுவெறி இல்லைத்தானே. வீட்டிலை வைச்சுக் கிண்டித் தந்தா. எப்ப இறக்கிறதெண்டு எனக்குப் பிடிபடேல்லை. அவ மணத்திலையே இறக்கிப்போட்டா."

ஞாயிறு காலை கிளம்பினேன். விரதம் இன்னும் நாலு நாள் பாக்கி. வாசலில் மலர் கோமதிக்கென்று ஒரு கம்பளிச் சால்வை கொடுத்தாள்.

"நேத்தி பலிச்சிடுச்சே. இனிச் சொல்லலாம்தானே?" என்றேன்.

"வேலைக்கெண்டு வைக்கேல்லை, அண்ணை. ராவிலை இவர் வீட்டிலை நிக்கோணும் எண்டுதான்."

அதற்கு வழி பீர் தேறுவதுதானே; அதற்காகப் பட்டினி கிடந்து முருகனைக் கூப்பிட்ட பெண் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ரயில் நார்பரி தாண்டும்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

குன்னூரிலும் குளிர்தான். ஆனால் இங்கே நவம்பர் மழையோடு மண்வாசனையும் வரும், வெடிச் சத்தம் தீபாவளியோடு ஓய்ந்துவிடும். வந்த அன்று இரவே, சால்வையைக் கொடுத்த கையோடு, நடந்ததையெல்லாம் கோமதியிடம் சொன்னேன். விழுங்கிய இடம் வந்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது. அவள் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சத்தியத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"மலர் தூங்கினாளா?" என்றாள்.

"தூங்கினா."

"நல்லாத் தூங்கினாளா?"

"நல்லா."

"அப்ப சரி" என்று விளக்கை அணைத்தாள்.