தெரியாதவர்கள் இடக் கை

போன வாரம் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு லேபில் ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். வெறும் வயிறு, காபி குடிக்காத தலைவலி, சுவரில் சத்தமில்லாமல் ஓடும் டிவி. ரத்தம் எடுக்கிற பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு, "எந்தக் கை மேடம்?" என்று கேட்டாள். அந்த வாசனையும் அந்தக் கேள்வியும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததில் எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ஊசிக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டு அவள், "கண்ண மூடிக்குங்க, சொல்பதான் வலிக்கும், கொஞ்சூண்டு" என்றாள். நான் வலக் கையை நீட்டினேன். இடக் கைக்காரியான நான் யார் கேட்டாலும் வலக் கையைத்தான் நீட்டுவேன். அது ஏன் என்று உங்களிடம் சொல்லலாம். சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிட் வாசனை என்றால் பலருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு வருவது விவேக் நகரில் நான் படித்த அரசுத் தமிழ்ப் பள்ளியின் சயின்ஸ் ரூம். தொண்ணூறுகளின் கடைசி. அதற்கு முன்னால் அது உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்த அறை. ஓசூர் ரோட்டில், பொம்மசந்திராவில் பம்பு செய்கிற ஒரு கம்பெனி, கல்வித் துறையோடு சேர்ந்து சில பள்ளிகளுக்கு அறிவியல் அறை கட்டித் தரப்போகிறது என்றார்கள். எங்கள் பள்ளியும் அந்தச் சிலவற்றில் ஒன்று. பெஞ்சுகள் வெளியே போயின. சுவருக்கு வெளிர் நீலம் அடித்தார்கள். சோதனைக் குழாய்களும் ஸ்பிரிட் விளக்குகளும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் வைக்கோலில் பொதிந்து வந்தன. அந்த வைக்கோலைக்கூட நாங்கள் முகர்ந்து பார்த்தோம்.

அப்பா அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்காரர். பம்புகளுக்குப் பச்சை பெயின்ட் அடிப்பார். அதனால் அந்த அறையில் எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பாத்தியதை இருப்பதுபோல நடந்துகொள்வேன். மற்ற பிள்ளைகள் சகித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமைகளில் கம்பெனியிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வருவார். மாண்டியாக்காரர். தமிழ் அவருக்குப் பாதி வரும், பாதி வராது. எதைச் செய்து காட்டினாலும் நிறுத்திவிட்டு, கன்னடத்தில் "யாக்கே?" என்பார். ஏன் என்று அர்த்தம். பதில் சொன்னால் அதற்கும் ஒரு "யாக்கே?" வரும். அவருக்குப் பெயர் இருந்தது, நாங்கள் வைத்தது யாக்கே சார். அதுவரை எங்களிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஏன் வரவில்லை, ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார்கள், அது வேறு.

மெழுகுவர்த்திச் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே ஒரு கிளாஸைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் கிளாஸுக்குள் ஏறும். ஆக்ஸிஜன் தீர்ந்துபோன இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்கு அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் குழந்தை இயேசு கோயில். வியாழக்கிழமைக் கூட்டம் கலைந்த பிறகு அணைந்த துண்டு மெழுகுவர்த்திகளைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். அங்கே பெருக்குகிற அம்மா, "உனக்கு என்ன வேண்டுதல், வாராவாரம் வர்ற?" என்று கேட்பார். மூன்று துண்டுகளை நட்டுக் கவிழ்த்தபோது தண்ணீர் இன்னும் அதிகமாக ஏறியது. கிளாஸ் அதேதான், உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனும் அதேதான். பிறகு எப்படி? யாக்கே சாரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யாக்கே? நீனே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டேன். காதில் சொன்னதும், "யாராவது கேட்டா அப்ப சொல்லு. அதுவரை உன் ஹத்ரவே இருக்கட்டும்" என்றார். உன்னிடமே இருக்கட்டும் என்கிறார். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

எங்கள் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் தமிழில் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும், பெண் பிள்ளையைப் பஸ் ஏற்ற எந்த வீட்டிலும் மனசு வராது. ஏழு முடித்த பெண்கள் வீட்டில் ஊதுபத்தி உருட்டினார்கள், உயரமாக இருந்தவர்கள் வயசைக் கூட்டிச் சொல்லி கார்மென்ட்ஸுக்கு நூல் வெட்டப் போனார்கள். நான் ஏழாவது, அதோடு நல்ல உயரம். சயின்ஸ் ரூமுக்கு ஒரு வருஷம் ஆனதும், பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கக் கம்பெனியின் பெரிய மேடமும் கல்வி அதிகாரியும் வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்குத் திருப்தி என்றால் இன்னொரு அறை கட்டித் தருவார்கள், எட்டாம் வகுப்பும் வரும். இல்லையென்றால் இல்லை.

அறிவியல் எடுத்த ரோஸ்லின் டீச்சர் இதை எங்களிடம் மறைக்கவில்லை. "எட்டாங்கிளாஸ் வேணுமா, ஊதுபத்தியா? நீங்களே சொல்லுங்க" என்றார். நல்ல டீச்சர். சொந்தக் காசில் ஸ்பிரிட் வாங்கி ஊற்றியவர். ஆனால் அதிகாரி வருகிறார் என்றால் எல்லா அரசுப் பள்ளியிலும் செய்கிற ஒரு ஏற்பாடு உண்டே, அதை அவரும் செய்தார். கேள்வி கேட்டதும் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலக் கை, தெரியாதவர்கள் இடக் கை. பார்க்கிறவருக்கு எல்லாம் கையாகத் தெரியும், டீச்சர் வலக் கைகளில் ஒன்றை எழுப்பிவிடுவார். ஒத்திகை பார்த்தபோது என்னிடம் தனியாகவே சொன்னார்: "ஏய் உயரம், நீ மறக்காம சோத்தாங்கையத் தூக்கணும். பீச்சாங்கையத் தூக்கினா நீ மக்குன்னு நெனச்சிப்பேன்." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஒத்திகையில் ஒரு முறைகூடத் தப்பு செய்யவில்லை.

அன்றைக்கு மேடம் கதர்ப் புடவையில் வந்தார். வடக்கத்திக்காரர், சிரித்த முகம், ஒரு குறையும் சொல்ல முடியாது. கூடவே கல்வி அதிகாரி, போட்டோ எடுக்க ஒருவர், பின்னால் சுவரோரமாக யாக்கே சார். மேடம் இங்கிலீஷில் கேட்க, டீச்சர் தமிழில் சொன்னார். எல்லாம் ஒத்திகையில் கேட்ட கேள்விகள். கைகள் எழுந்தன, பதில்கள் வந்தன. மெழுகுவர்த்திச் சோதனையை ஒரு பையன் செய்துகாட்டி, ஆக்ஸிஜன் தீர்ந்தது என்று ஒப்பித்தான். மேடம் போயிருக்கலாம். போகவில்லை. "தண்ணீர் ஏறுவதற்கு வேறு காரணம் ஏதாவது இருக்குமா? யாராவது யோசித்தீர்களா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார்கள். கடைசியில் யாரோ கேட்டுவிட்டார்கள். நான் ஏறக்குறைய குதித்தேன். சந்தோஷத்தில் எழுந்த கை, பிறந்ததிலிருந்து எனக்கு முதலில் எழுகிற கை.

வகுப்பில் மற்ற எல்லோரும்கூட இடக் கைதான் தூக்கியிருந்தார்கள், யாருக்கும் தெரியாதே. டீச்சர் ஒரு வலக் கையைத் தேடித் தேடிப் பார்த்தார். மேடமோ என்னைக் காட்டி, "அந்தப் பெண் எவ்வளவு ஆசையாகத் தூக்குகிறாள், அவளைக் கேளுங்கள்" என்றார். டீச்சருக்கு வியர்த்துவிட்டது. நான் எழுந்து முழிக்கப்போகிறேன், அதிகாரி சிரிக்கப்போகிறார், எட்டாம் வகுப்பு போகப்போகிறது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். சட்டென்று என் அருகே வந்து தலையில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, "ஸ்லோ சைல்ட், மேடம். பாவம். ஷி ரெய்சஸ் ஹேண்ட் ஃபார் எவ்ரிதிங்" என்றார்.

அந்த இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

மேடம் முகம் அப்படியே உருகிப்போனது. என் எதிரில் குனிந்து, உடைந்த தமிழில், "சொல்லு கண்ணா" என்றார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் டீச்சர் பொய் சொன்னார் என்று ஆகும், அதிகாரி பக்கத்திலேயே நிற்கிறார். யாக்கே சாரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், மேடத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நான் கையை இறக்கி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நின்றேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள், பாதி பயம்தான். மேடம் என்னை அணைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட பிள்ளைக்கும் இங்கே இடம் இருக்கிறதே என்று அதிகாரியிடம் சொன்னார். என் கையில் ஒரு சோதனைக் குழாயைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

எட்டாம் வகுப்பு வந்தது. நல்லாவே கட்டித் தந்தார்கள், மின்விசிறியோடு. அந்தக் கட்டடத்துக்குள் போகிறபோதெல்லாம் என் காது சூடாகும். மேடம் வருகிற நாளெல்லாம் என்னைத்தான் முதலில் தேடுவார், சின்னப் பிள்ளைகளுக்கான படப் புதிர்கள் வாங்கிவருவார். டீச்சர் அதற்கு முன்பே என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கு ஒரு வாட்டி மட்டும், கண்ணு" என்பார். நானும் வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். பழகப் பழக நன்றாகவே வந்தது, அதுதான் கேவலம். டீச்சர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. சயின்ஸ் ரூம் சாவியை மட்டும் என்னிடமே விட்டுவைத்தார். யாக்கே சார் அதற்குப் பிறகு சில சனிக்கிழமைகளே வந்தார். என்னிடம் யாக்கே கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார். பிறகு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

புது வருஷத்துக்குக் கம்பெனி எல்லாத் தொழிலாளிகளுக்கும் காலண்டர் கொடுத்தது. ஜூன் மாதத்தில் நான், கையில் சோதனைக் குழாயோடு. அப்பா ஷிஃப்ட் முழுவதும் அதைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். படத்தின் கீழே இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி. சூப்பர்வைசர் படித்துவிட்டு, நல்ல மனசோடுதான், "ஏம்ப்பா, பொண்ணுக்கு இப்படின்னு சொல்லவே இல்லையே. நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில காட்டினியா?" என்று கேட்டிருக்கிறார்.

அப்பா அன்று சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். விரல் நகத்தில் பச்சை பெயின்ட்.

"உனக்குப் புத்தி கம்மின்னு போட்டிருக்கானாமே. நெசமாம்மா?"

"போட்டோவுக்கு அப்படித்தான் போடுவாங்கப்பா."

"நான் வந்து கேக்கட்டுமா?"

"வேணாம்ப்பா. எட்டாங்கிளாஸ் போயிரும்."

அவர் நகத்திலிருந்த பெயின்ட்டைச் சுரண்டினார். புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கம்பெனி அவருடைய கம்பெனி, கான்ட்ராக்ட் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். கேட்கப் போகவில்லை. மே மாதம் முடிந்ததும் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். எங்கள் வீட்டில் அந்த வருஷம் ஜூன் வரவே இல்லை. அம்மா ஜூலைக் கட்டத்தைப் பார்த்துத் தப்பான நாளில் அமாவாசை விரதம் இருந்துவிட்டு அப்பாவைத் திட்டினாள். அவர் இருந்தவரை நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அப்புறம் படித்தேன், வேலைக்கு வந்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன். ஆபீஸ் மீட்டிங்கில் தெரிந்த விஷயத்துக்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்று என் மேனேஜருக்குக் குறை. போன மாதம் எங்கள் ஆபீஸிலும் அரசுப் பள்ளிக்குப் போய் அறிவியல் சொல்லித்தர ஆள் கேட்டார்கள், டி-ஷர்ட் கொடுப்பார்களாம். யார் வருகிறீர்கள், கையைத் தூக்குங்கள் என்றார்கள். என் கை மடியிலேயே கிடந்தது.

லேபிலிருந்து திரும்பும்போது ஆட்டோவை விவேக் நகர் வழியாக விடச் சொன்னேன். பிள்ளைகள் சேராமல் தமிழ்ப் பிரிவை எப்போதோ மூடிவிட்டார்கள். சயின்ஸ் ரூமில் மதியச் சாப்பாட்டு அரிசி மூட்டைகள். நீலம் மட்டும் ஜன்னல் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம். பம்புக் கம்பெனி இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. ரோஸ்லின் டீச்சர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இனிமேல் நான் பதில் சொல்வதால் யாருக்கும் எதுவும் போய்விடாது.

கிளாஸைக் கவிழ்க்கும்போதே சுடரின் சூட்டில் காற்று விரிந்து, ஓரத்தில் குமிழி குமிழியாக வெளியே போய்விடுகிறது, மேடம். சுடர் அணைந்து மிச்சக் காற்று குளிர்ந்ததும் சுருங்குகிறது. அந்த இடத்துக்குத்தான் தண்ணீர் ஏறுகிறது. மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் குமிழி அதிகம் வரும். நான் பார்த்தேன்.