ஓரகத்தியின் மடி

அவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். ஹாரன் அடிக்காமலே ஆளை ஒதுங்க வைக்கிற பார்வை. பெருங்குடலில் புற்றுநோய் என்று ஒரு சாண் நீளத்துக்கு வெட்டியெடுத்தபோதுகூட, "பழைய வண்டி, டியூப் மாத்திட்டாங்க" என்று சிரித்தாள். ஆனால் அவள் படுக்கையில் கிடந்த மாதங்களில் நாலு வயது மகளை ஓரகத்தி வளர்த்ததை மட்டும் சிரித்துக் கடக்க முடியவில்லை.

ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. பிள்ளையில்லாதவள். பக்கத்து வீடு. அம்மா எழுந்து நடமாடிய பிறகும் குழந்தை பசித்தால் அங்கேதான் ஓடியது. விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டால், பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போதே "பெரியம்மா!" என்று கத்தியது. இவளுக்கு வயிறு எரியும்.

"தழும்பு வலிக்குதா?" என்பான் கணவன்.

"ஆமா" என்பாள்.

மறுபடி வேலைக்குப் போனதும் ஒரு முடிவெடுத்தாள். அடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் வேறு தெருவுக்குக் குடிபோய்விடுவது. கணவனுக்குத் தெரியாமல் வீடுகூடப் பார்த்து வைத்தாள்.

ஸ்கேனுக்காக நரம்பில் மருந்து ஏற்றிய செவிலி, "இன்னிக்கு முழுக்கச் சின்னக் குழந்தைங்களைத் தூக்காதீங்கம்மா, உடம்புல கதிர்வீச்சு இருக்கும்" என்றாள். அன்றைக்கென்று பார்த்து, வீட்டு வாசலில் மகள் இவளை நோக்கித்தான் ஓடி வந்தாள்.

"அங்கேயே நில்லு!"

குழந்தை விம்மிக்கொண்டே திரும்பிப்போய் ஓரகத்தியின் மடியில் புகுந்தது. இவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நோய் வந்தது தெரிந்த அன்றுகூட அப்படி அழுததில்லை.

ஸ்கேன் படத்தில், ஈரலில் பட்டாணி அளவுக்கு ஒரு பொட்டு ஒளிர்ந்தது. "திரும்ப வந்திருக்கு. ஆனா வேற எங்கேயும் இல்ல. வலி தெரியறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டோம், அதை மட்டும் எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

வீடு மாறுவது அத்தோடு போயிற்று. நேராக ஓரகத்தியிடம் போனாள்.

"அக்கா, மறுபடி வந்துடுச்சு. குழந்தையை..."

"நான் பார்த்துக்கறேன். நீ கவலைப்படாதே."

"அதான் கவலையே. ரொம்ப நல்லாப் பார்த்துக்காதீங்க."

"என்னடி பேச்சு இது?"

"பொறாமையா இருக்குக்கா. வேற யார்கிட்ட போய்ச் சொல்ல?"

ஓரகத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "எனக்கு மட்டும் இல்லையா? தினமும் தூங்க வைக்கிறது நான். தூங்கினதும் வந்து தூக்கிட்டுப் போயிடற நீ" என்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு எடுத்த படங்களில் எதுவும் ஒளிரவில்லை. அவள் மறுபடி வண்டி ஏறினாள்.

மகளுக்கு முதல் பல் விழுந்தபோது அதைக் கொண்டுபோய் முதலில் காட்டியது பெரியம்மாவிடம்தான். அன்று இவள் ஓட்டிய பேருந்தில் நின்றுகொண்டு வந்தவர்கள் எல்லாரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.