என் மூக்கைக் காட்டிக் கப்பல் ஏறப் பார்க்கிறான்

என் மூக்கில் எடுத்த கொரோனா பரிசோதனையைத் தன்னுடையது என்று காட்டி, எதிர்வீட்டு டில்லி நாளை உல்லாசக் கப்பல் ஏறப் பார்க்கிறான்.

இன்று காலை, "பெரியவங்களுக்கு சும்மா செக் பண்றேன், மூக்கைக் காட்டு நைனா" என்றான். காட்டினேன். ஒற்றைக் கோடு, கொரோனா இல்லை. எனக்கும் சந்தோஷம்தான்.

திரும்பிப் பார்த்தால், அந்தச் சோதனைக் கிட்டில் தன் பெயரை எழுதி, கப்பல் கம்பெனிக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"இன்னாடா இது?"

"எனக்கு ரெண்டு கோடு வந்துகீது நைனா. லேசா இருமல்தான். புள்ளைங்க ஆசையா கீதுங்க. கப்பல்ல யாருக்குத் தெரியப் போவுது?"

அந்தக் கப்பலில் சாப்பாடு பரிமாறுபவள் என் மகள். அவளுக்கு ஆஸ்துமா. இரண்டும் அவனுக்குத் தெரியும்.

"அவ மாஸ்க் போட்டுக்கட்டும்" என்றான்.

டில்லி இன்று மாலைக்குள் கப்பல் கம்பெனிக்குத் தானே போன் செய்து உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அதுவரை மாஸ்க் போட்டுக்கொண்டு அவன் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன்.

கம்பெனிக்காரர்கள் படத்தை நம்பாமல், துறைமுக வாசலில் ஏற வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. சும்மா சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால், முதலில் அவன் மூக்கைக் காட்டச் சொல்லுங்கள்.