உயிரோட கேட்ட சாவுமணி

எங்க அண்ணன் ஜான்ரோஸைத் தெரியாதவங்க மார்த்தாண்டம் சுத்துவட்டாரத்துல கொறச்சல்தான். கல்யாணமா, பால்காய்ப்பா, சாவா, எதுக்கும் பந்தலும் சேரும் டியூப்லைட்டும் அவனுக்க கடையிலயிருந்துதான் போவும். கடைக்குப் பேரு ஜெஸ்பின் வாடகை ஸ்டோர். ஜெஸ்பின் எங்க மைனி, அண்ணனுக்க பெண்டாட்டி. ஒவ்வொரு சேருக்க முதுகுலயும் அவ பேரை நீல பெயிண்டுல எழுதி வச்சிருந்தான். "ஊருல உள்ளவன் எல்லாம் எனக்க பேருல சாஞ்சு ஒறங்குதான்"னு மைனி சிரிப்பா.

நான் ராகேல், அண்ணனுக்க தங்கச்சி. அடுத்த வீடு. எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல்னு ஊருல பேச்சு உண்டு. அதுல பொய் ஒண்ணும் இல்ல.

அண்ணன்கிட்ட கண்ணாடிப் பெட்டியும் உண்டு. இங்க முக்காவாசி வீட்டுப் பிள்ளையளும் கத்தார்லயும் துபாய்லயும்தான் கெடக்குதுவ. அப்பனோ அம்மையோ செத்தா, பிள்ளை ஃபிளைட் பிடிச்சு வந்து சேருத வரைக்கும் பிரேதம் கெடாம இருக்கணும்லா, அதுக்கான கரண்டுப் பெட்டி அது. போன் வந்தா போதும், அண்ணன் பிக்கப் வண்டியில பெட்டியை ஏத்திக்கிட்டுப் போயிருவான். பெட்டியை வைப்பான், பந்தல் போடுவான், அழுத சனத்துக்குக் கட்டங்காப்பிக்கும் சொல்லி விடுவான். எல்லாம் செய்வான். ஆனா போதகர் வந்து வேதபுத்தகத்தைத் தொறந்தா மட்டும் ஆளைக் காணாது. ஜெனரேட்டர் பாக்கப் போறேன்னு தோட்டத்துக்குள்ள போயிருவான். கரண்டு நல்லா இருக்கும்போதும் ஜெனரேட்டர் பாப்பான்.

அவனுக்குச் சாவுன்னா அப்படி ஒரு பயம். அப்பா தென்னையில இருந்து விழுந்து செத்தப்ப அவன் சின்னப் பையன். பெட்டியை மூடப் போனவங்க கையைப் பிடிச்சு, "மூடாதீங்க, அப்பாக்கு மூச்சு முட்டும்"னு கத்தினான். ஆரோ ஒருத்தர் அவனைத் தூக்கி வெளிய கொண்டு விட்டாரு. அதோட சரி. இத்தனை வருசமும் சாவுவீட்டுலயே பொழைச்சான், ஒரு முகத்தையும் நின்னு பாத்தது கெடையாது. கை நெறய சோலி இருந்தா கண்ணு அங்க போவாதுல்லா. கோயிலுக்கு வருவான், கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டுவான், கோயில் விருந்து அசனத்துக்குச் சோத்துச் செம்பு எறக்குவான். கிறிஸ்தவன்தான், இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா நித்திய ஜீவன்னு போதகர் ஆரம்பிச்சா இவன் செருப்பைத் தேடுவான்.

மைனி அப்படி இல்ல. அவளுக்கு ஆண்டவர்னா அடுத்த வீட்டு ஆளு மாதிரி. மீன் வெட்டும்போ ஜெபம் பண்ணுவா, பூனையை வெரட்டிக்கிட்டே ஆமென் சொல்லுவா. அவளுக்குத்தான் நெஞ்சுல கட்டி வந்துது. திருவனந்தபுரத்துல ஒரு வருசம் காட்டினோம். கடைசியில டாக்டர், "இனி வீட்டுல வச்சு நல்லா பாத்துக்கிடுங்க"ன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க எல்லாருக்கும் வெளங்கிச்சு. அண்ணனுக்கும் வெளங்கிச்சு. ஆனா ஒத்துக்கிட மாட்டேன்னு நின்னான்.

முள்ளு சீத்தா இலையைப் பறிச்சு அவிச்சு அவிச்சுக் குடுத்தான். அங்க ஒரு வைத்தியர், இங்க ஒரு வைத்தியர்னு கொண்டு நடந்தான். பாக்க வந்த பெண்டுவ ஆராவது கண்ணைத் தொடைச்சா, "என்னத்துக்கு இப்பம் அழுதிய? அவளுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு வெரட்டுவான். கத்தார்ல இருந்த மவன் டெனிஷ் லீவு போட்டு வரட்டான்னு கேட்டதுக்குப் போன்லயே ஏசினான். மைனி, "இஞ்சேருங்க, நான் போன பொறவு..."ன்னு வாயைத் தொறந்தா போதும், எந்திரிச்சுப் போயிருவான்.

ஒருநாள் அவளுக்குத் தலை சீவி விட்டுக்கிட்டிருந்தேன். அப்பம் மைனி சொன்னா, "ராகேலு, சாவ எனக்குப் பெரிய பயம் இல்ல. இவரை நெனைச்சாத்தான் பயம். நான் போறது எங்கயோ இருட்டுக்குள்ளன்னு நெனைக்காரு. அப்படியே நெனைச்சா, நான் போன பொறவு இவரு எப்படி இருப்பாரு? போறதுக்கு முன்ன ஒருக்கா, ஒரே ஒருக்கா இவரு என்கிட்ட இதைப் பத்திப் பேசணும். அது நடக்காம போனா எனக்கு நிம்மதி இல்ல பிள்ளே." அவளுக்குத் தெரியாம அடுக்களையில போய் அழுதேன்.

அந்த வாரமே அவளுக்கு மூச்சுத் திணறல் வந்துது. மதியம் கஞ்சி குடிச்சுக்கிட்டிருக்கும்போ கண்ணு மேல போயிட்டு. அண்ணன் குழித்துறைப் பக்கம் ஒரு சாவுவீட்டுல சாமான் எறக்கப் போயிருந்தான். நான் போன் போட்டு, "அண்ணா, மைனிக்கு முடியல்ல, ஓடி வா"ன்னு அலறினேன். பெட்டியோட வண்டி வீட்டுப்பக்கம் வரப்பிடாதுன்னு அவனுக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு, இத்தனை வருசத்துல அதை மாத்தினதில்ல. அன்னைக்கு வெப்ராளத்துல அப்படியே வந்துட்டான். கண்ணாடிப் பெட்டி, சேரு, டார்பாய் எல்லாத்தோடயும் வண்டியை முற்றத்துல கொண்டு நிறுத்திட்டு உள்ள ஓடினான்.

உள்ள நாங்க, வீட்டுல வாங்கி வச்சிருந்த ஆக்சிஜனை வச்சோம், முதுகைத் தடவினோம். பைய மூச்சு எறங்கிச்சு. முகத்துல ஒரு தெளிவு வந்துது. அண்ணன் ஈரத்துணியால அவ நெத்தியைத் தொடைச்சுக்கிட்டிருந்தான்.

அப்பம் கோயில்ல மணி அடிச்சுது. ஒண்ணு. நின்னு, பொறவு ஒண்ணு. ஊருல ஒருத்தர் செத்தா அடிக்குத மணி அது.

"ஆரு செத்தது?"ன்னு மைனி கேட்டா.

"எவனோ செத்திருப்பான். நீ பேசாம கெட"ன்னான் அண்ணன்.

எனக்கு என்னமோ மாதிரி இருந்துது. வெளிய சேர் இழுக்குத சத்தம் கேக்குது. சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். எனக்க ஆண்டவரே! முற்றத்துல பந்தல் போட்டாச்சு. சேரெல்லாம் வரிசையா கெடக்கு. வெள்ளைச் சேலை கட்டின பெண்டுவ பாதி எடத்தைப் பிடிச்சுட்டாவ. பெட்டி வந்த வண்டி வீட்டு நடையில நின்னா வேற என்னன்னு நெனைப்பாவ? கோயிலுக்கும் ஆரோ ஓடிப் போய்ச் சொல்லியிருக்காவ, அந்த மணி மைனிக்குத்தான். வண்டியில வந்த பையமாரு முதலாளிக்க வீடுன்னு சொல்லி, வழக்கத்தை விடச் சுத்தமாப் பந்தலைக் கட்டியிருக்கானுவ. அண்ணன்கிட்ட ரொம்ப நாளா வேலை பாக்குத நாராயணபெருமாள் பெட்டியைக் கீழ எறக்கி, கண்ணாடியைத் துணியால தொடைச்சுத் தொடைச்சு அழுதுக்கிட்டு நிக்கான். அவன் ஐயாவழிக்காரன். கண்ணீரு எறங்கி நெத்தி நாமம் கரைஞ்சு மூக்கு வரைக்கும் வந்துட்டு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. "ஏலே நாராயணபெருமாளு! ஆருக்குலே பெட்டியைத் தொடைக்க?"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே வெளிய எறங்கினேன்.

"அக்காவுக்கு..."ன்னான்.

"அக்கா உள்ள உயிரோட இருக்காலே, கூறு கெட்டவனே!"

பந்தல்ல உள்ள எல்லாரும் என்னைத் தாண்டி நடையைப் பாக்காவ. திரும்பினா, மைனி கதவைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கா. பின்னால ஆக்சிஜன் குழலைத் தூக்கிக்கிட்டு அண்ணன். வந்திருந்த கிழவி ஒருத்தி "கர்த்தாவே"ன்னு கூவிட்டு சேரோட சரிஞ்சா. மைனி எல்லாத்தையும் ஒருக்கா பாத்தா. பெட்டி, பந்தல், அங்கியும் பையுமா ஓடி வந்து நிக்குத போதகர். பாத்துட்டு சிரிச்சா பாருங்க, இருமி இருமிச் சிரிச்சா. சனமும் கண்ணீரோட சிரிச்சுது.

அண்ணன் சிரிக்கல்ல. முகம் செவந்து போச்சு. "எடுங்கலே சேரை! டார்பாயை அவுருங்கலே! ஆருலே உங்ககிட்ட சொன்னது?"ன்னு கத்துதான். ஒரு சேரைத் தூக்கி அவனே வண்டிக்குள்ள எறிஞ்சான்.

"இருக்கட்டும்"னா மைனி. "சேர் போட்டாச்சு, ஆளும் வந்தாச்சு, போதகரும் வந்தாச்சு. எனக்கு ஒரு சேர் தாங்க. எனக்குப் பாடுத பாட்டை நான் இருக்கும்போதே கேக்கேன். பொறவு பாடி எனக்கு என்ன பிரயோசனம்?"

"ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா?"

"வாங்க. பக்கத்துல இருங்க."

"நான் அந்த ஜெனரேட்டரை..."

"கரண்டு இருக்கு. இருங்கன்னு சொல்லுதேன்லா."

இருந்தான். அவ கையைப் பிடிச்சு இருத்தினா, அதனால இருந்தான். போதகர் நல்ல மனுசன், மறுத்து ஒண்ணும் சொல்லல்ல. பெண்டுவ மெதுவா பாட ஆரம்பிச்சாவ. அடக்கத்துக்குப் பாடுத பழைய பாட்டு. மைனியும் மூச்சு கிட்டுன இடத்துல எல்லாம் கூடப் பாடினா. அண்ணன் கீழ தரையைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

பாட்டு முடிஞ்சதும் மைனி அவன் பக்கம் திரும்பினா. "எனக்குப் பயமா இருக்கான்னு கேளுங்க"ன்னா.

அண்ணன் தரையை விட்டுத் தலையைத் தூக்கினான். பொறவு, பிள்ளைக்க குரல் மாதிரி ஒரு குரல் வந்துது. "பயமா இருக்காட்டி?"

"மூச்சு முட்டும்போ பயமாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பக்கம் நான் தனியா இல்ல. கல்லறைக்குள்ள போயிட்டுத் திரும்பி வந்தவரு ஆண்டவர் ஒருத்தர்தானே? அவருக்கு வழி தெரியும். அவரு கையைப் பிடிச்சுக்கிட்டா தடுமாறாமப் போயிருவேன். நான் இல்லாம ஆவல்ல. வீடு மாறுதேன், அவ்வளவுதான். நீங்க அதை நம்பணும். எனக்க ஆசைக்காக இல்ல, அது உண்மைங்கதுனால."

"எனக்கு நம்பத் தெரியாதுட்டி"ன்னான். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் எங்க அண்ணன் அழுதான். அத்தனை சனத்துக்கு முன்னால, ஓங்கி ஓங்கி அழுதான். எங்க அப்பாக்கு அழ வேண்டிய அழுகையும் அதுல இருந்துதுன்னு எனக்குத் தோணிச்சு.

"அதையே அவருட்ட சொல்லுங்க. வேற ஜெபம் ஒண்ணும் வேண்டாம்"னா மைனி.

அண்ணன் கண்ணை மூடல்ல, கையும் கூப்பல்ல. பக்கத்துல ஆளு நிக்குத மாதிரி நேரே பேசினான். "ஆண்டவரே, எனக்கு நம்பத் தெரியாது. இவ ஒம்மகிட்ட வாறா. இவளைப் பத்திரமா பாத்துக்கிடும். என்னையும் விட்டுராதேயும்." அவ்வளவுதான். போதகர் ஆமென் சொன்னாரு. நாராயணபெருமாளும் சொன்னான்.

அன்னைக்கே அவன் பரிசுத்தவான் ஆயிட்டான்னு நான் கத விடல்ல. மறுநாளே லாரிக்காரன் ஒருத்தனை நடுரோட்டுல அவன் ஏசினது எனக்க காதுல விழுந்துது. ஆனா மைனிக்க கட்டிலை விட்டு எந்திரிச்சு ஓடுத பழக்கம் நின்னுட்டு. டெனிஷுக்கு அவனே போன் போட்டு, "மக்களே, அம்மா போவப் போறா. வந்து பேசிட்டுப் போ"ன்னு சொன்னான். மவனும் வந்து கூட இருந்துட்டு, திரும்ப முடியாம திரும்பிப் போனான்.

பொறவு புருசனும் பெண்டாட்டியும் ஒரே பேச்சு. எனக்குப் பொறாமையே வந்துட்டு. எந்தச் சேலை உடுத்தணும், எங்க அடக்கணும்னு சண்டை போட்டுச் சிரிச்சாவ. "அங்க நம்ம அப்பா இருப்பாராட்டி?"ன்னு அண்ணன் கேட்டது எனக்க காதுல விழுந்துது. "இருப்பாரு. ஒங்க மவன் சாவுக்குப் பேடிச்சு நடந்தான்னு சொல்லிக் குடுப்பேன்"னா மைனி. காலையில அவன் வேதம் வாசிப்பான். தட்டுத்தடுமாறித்தான் வாசிப்பான். புரியாத இடத்துல நிறுத்தி அவகிட்ட கேப்பான். பதில் சொல்ல அவளுக்கு மூச்சு போதாம, கையை மட்டும் தட்டிக் குடுப்பா. அதுக்குப் பொறவும் அவன் விடாம வாசிச்சான்.

அவ போனது ஒரு நல்ல வெயில் நாள்ல. சன்னல் எல்லாம் தொறந்து கெடந்துது. அண்ணன் கட்டில்ல இருந்து அவ தலையை மடியில வச்சிருந்தான். நான் காலைத் தடவிக்கிட்டிருந்தேன். மைனி கண்ணைத் தொறந்து அவனைப் பாத்து, கேட்டும் கேக்காமலும் ஒரு சத்தத்துல, "போவட்டா?"ன்னா.

இவன் விட மாட்டான், கத்தப் போறான்னு நெனைச்சேன். அண்ணன் குனிஞ்சு அவ முகத்தை நேருக்கு நேரே பாத்தான். "போ பிள்ளே. பயப்படாத. நான் பொறவு வாறேன்"ன்னான். அவ ஒரு மூச்சு விட்டா. அதுக்கு அடுத்த மூச்சு வரல்ல.

நான் மாருல அடிச்சு அலற வாயைத் தொறந்தேன். அண்ணன் கையை உயர்த்தித் தடுத்தான். கண்ணீரு வழிஞ்சு ஓடுது, ஆனா முகத்துல பயத்தைக் காணல்ல.

"கொஞ்சம் பொறு ராகேலு"ன்னான். "இப்பந்தான் போய்ச் சேந்திருப்பா."