என் மாமியார் காற்றைத் தேடிய வீடு

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் நான் மருமகளாகப் போய்ச் சேர்ந்த நல்லூர் வீடு, என் மாமனார் அறுபதுகளில் கட்டியது. தட்டைக் கூரை, ஜன்னல்களுக்கு மேல் நீளமான சிமென்ட் சன்ஷேடு, ஹாலில் பச்சை மொசைக் தரை. ஹாலின் மேற்கே சுவரே கிடையாது. பூப்பூவாகத் துளையிட்ட சிமென்ட் ஜாலிக் கற்களைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். அதற்கு வெளியே தோட்டம். திருநெல்வேலிப் பக்கம் இருட்டான ஓட்டு வீட்டில் வளர்ந்த எனக்கு, ஹாலில் உட்கார்ந்தபடியே கொய்யா மரத்து அணிலைப் பார்ப்பது பெரிய அதிசயம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்றில் காலண்டர் சுவரில் நிற்காது.

மூன்று வருஷத்தில் மேற்குப் பக்கத்து மனையில் மூன்று மாடி பனியன் கம்பெனி எழும்பியது. காற்று நின்றுபோனது. மத்தியானத்தில் மொசைக் தரைகூடச் சுட்டது.

தையல் யூனிட் நடத்திக்கொண்டிருந்த என் கணவர், "இனி இந்த ஊட்டுல இருக்க முடியாதுங்கம்மா. இடிச்சுப் போட்டு மாடி கட்டி ஏசி வெச்சுக்கலாம்" என்றார்.

"அதுக்கு முந்தி காத்து எங்க போச்சுன்னு பாத்தர்லாம் சாமி" என்றார் மாமியார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்.

மறுநாள் யூனிட்டிலிருந்து ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் வரவழைத்தார். அந்தப் பனியன் துணியை நாடா நாடாவாகக் கிழித்து ஜன்னல் கம்பிகளிலும் தோட்டத்து மரக்கிளைகளிலும் கட்டினார். தினமும் நாலு தடவை சாக்பீஸோடு சுற்றி வந்து, நாடா எந்தப் பக்கம் பறக்கிறதென்று தரையில் கோடு போட்டார். மரமெல்லாம் துணியாகத் தொங்கியதைப் பார்த்த எதிர்வீட்டம்மா கேட்டார்: "ஏனுங்க, என்ன வேண்டுதலுங்க?"

"காத்துக்குத்தானுங்க."

பத்தாம் நாள் என்னைத் தென்மேற்கு மூலைக்கு, ஸ்டோர் ரூமின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே கொய்யாக் கிளையில் நாடா விறைப்பாகப் பறந்தது.

"காத்து நிக்கல கண்ணு. அந்தக் கட்டடத்தச் சுத்திட்டு இந்தச் சந்துல வருது. நம்ம செவுருதான் மறிக்குது."

அந்தச் சுவரை உடைத்து ஜாலி வைக்கச் சொன்னார். பழைய மாதிரிக் கல் இப்போது எங்கும் கிடைக்காது என்று மேஸ்திரி கையை விரித்தார். மாமியார் விடவில்லை. ஹாலில் இருந்த கல்லை நூல் பிடித்து அளந்து, ஆசாரியிடம் மர அச்சு செய்து வாங்கி, தோட்டத்திலேயே கல் வார்க்க வைத்தார். வாரக்கணக்கில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியது நான். சந்து வழியை அடைத்திருந்த குரோட்டன்ஸ் வேலியைப் பெயர்த்து வாசல் பக்கம் நட்டோம். ஸ்டோர் ரூமிலிருந்த அரிசி டிரம்கள் அடுக்களைக்குப் போயின.

ஜாலி வைத்து முடித்த வாரம் கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், சாப்பிட வந்த கணவர் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பாயை எடுத்துப் போட்டுப் படுத்தார். மூன்று மணிக்கு யூனிட்டிலிருந்து போன் வந்துதான் எழுந்தார். ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவிலிருந்த கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கதவு எதுக்குங்க? எடுத்துட்டா ஹால் முச்சூடும் காத்து வருமில்லீங்க?"

மாமியார் மோர் டம்ளரை நீட்டினார். "நாளைக்குக் கழட்டறதுக்கு ஆசாரி வர்றாரு சாமி."