டோமே என்றால் நிறுத்து

பள்ளங்கி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். பக்கத்தில் ஒரு பூண்டு விவசாயி, கைக்குழந்தையோடு அவர் மனைவி. குழந்தையின் பெயரைப் பதியக் கொடைக்கானல் போகிறார்கள்.

"என்ன பேரு வைக்கிறீங்க?" என்கிறேன்.

"போதும்பொண்ணுங்க. இதோட நாலும் பொட்டையாப் போச்சு. இப்பிடி வச்சாத்தான் அடுத்தது பையன்" என்கிறார் விவசாயி.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னோடு வந்திருக்கும் ஜப்பான்காரம்மாவிடம் இங்கிலீஷில் சொல்கிறேன். வயது எழுபதுக்கு மேல் அவருக்கு. குழந்தையின் காலைத் தொட்டபடி சொல்கிறார்: "என் பெயர் டோமே. நிறுத்து என்று அர்த்தம். ஆறாவது பெண் நான். யார் கூப்பிட்டாலும் 'நீ வேண்டாதவள்' என்றுதான் எனக்குக் கேட்கும்."

அதை அப்படியே தமிழில் சொல்கிறேன். தாய் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொள்கிறாள். "வேற பேரு வைப்பமாங்க?" என்கிறாள் புருஷனிடம்.

அவர் என்னைப் பார்க்கிறார். "அந்தம்மாவுக்கு அப்புறம் தம்பி பொறந்தானா? கேளுங்க."

கேட்கிறேன். மறு வருடமே பிறந்தானாம். மடையன் நான், அதையும் தமிழில் சொல்லித் தொலைக்கிறேன்.

"பாத்தியா புள்ள! சப்பான்லயே பலிச்சிருக்கு. பஸ் வந்துருச்சு, வெரசா ஏறு."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள்.