வேர் எங்கள் பக்கம், காய் அவர்கள் பக்கம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் பத்து மாதம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை. கால் தேய்ந்தது எனக்குத்தான்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. கடைசிக் காம்பரா சித்தப்பாவுடையது. அதற்கு முந்தியது எங்களுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டு. ஆனால் அது கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்குமேல் வெறும் புகையும் தகரமும்தான். அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் எங்கள் வீட்டுப் பூனை எழும்பும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டினால் சரிவில் ஆளுக்கொரு துண்டு நிலம். சித்தப்பா தன் துண்டில் லீக்ஸ் போட்டிருந்தார், ஓரமாகக் கொஞ்சம் கரட். அப்பாவின் துண்டில் போஞ்சியும் கோவாவும். போதாக்குறைக்குத் தலவாக்கலைச் சந்தையிலிருந்து முளைவிட்ட சவ்சவ் காய் ஒன்றைக் கொண்டுவந்து எல்லையோரம் நட்டுவைத்தார். யூக்கலிப்டஸ் கம்பு ஊன்றி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுக் குச்சிகளைக் குறுக்கே பரப்பி, அதற்கு ஒரு பந்தலும் போட்டார். அந்தப் பந்தலில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. கொடிதான் அதை மதிக்கவில்லை. காலை வெயில் சித்தப்பா பக்கம்தான் முதலில் விழும். கொடி வெயிலைப் பார்த்துப் போனது. நாலே மாதத்தில் எங்கள் பக்கம் வேரும் தண்டும் மட்டும் இருக்க, இலையும் பூவும் காயும் மொத்தமாகச் சித்தப்பாவின் லீக்ஸ் பாத்திக்குமேல் போய்ப் படுத்துக்கொண்டன.

"அண்ணே, நிழல் விழுந்து லீக்ஸ் மஞ்சளாப் பழுக்குது. இந்தப் பக்கம் வர்றத வெட்டி விட்ருங்க" என்றார் சித்தப்பா.

"நிழல்ல பழுக்கலடா. நீ எரு போடாம பழுக்குது" என்றார் அப்பா.

அடுத்த வாரம் சித்தி தன் பக்கம் தொங்கிய காய்களில் நாலைப் பறித்துக் குழம்பு வைத்தார். வேர் என்னுடையது என்று அப்பா சொன்னார். காய் என் தலைக்குமேல் தொங்குகிறது என்று சித்தப்பா சொன்னார். பேச்சு முற்றி, இனிமேல் என்னோடு பேச வேண்டாம் என்று ஒருவர் சொல்ல, நானும் பேசப் போவதில்லை என்று மற்றவர் சொன்னார். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள். அதுதான் என் கெட்ட காலம்.

பேசுவதை நிறுத்தினார்களே தவிர, சொல்லிக்கொள்ள வேண்டியவை நிற்கவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு பசு இருந்தது. பாலை அம்மாவும் சித்தியும் சத்தமில்லாமல் பங்கிட்டுக்கொண்டார்கள். சாணியைப் பங்கிடுவது மட்டும் அண்ணன் தம்பி பொறுப்பு. ஒரு நாள் சாணி எங்கள் பாத்திக்கு, மறுநாள் சாணி அவர்கள் பாத்திக்கு. ஒவ்வொரு நாளும் இதில் ஏதாவது ஒரு வழக்கு கிளம்பும்.

"பாப்பா, சித்தப்பாகிட்ட போய் சொல்லு. நேத்து நம்ம முறை. கூடையில பாதிதான் இருந்துச்சு."

இதை அப்பா மெதுவாகச் சொல்ல மாட்டார். அடுத்த காம்பராவில் தெளிவாகக் கேட்கும்படி, சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் நான் எழுந்து, இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி, படி இறங்கி, மழைச் சேற்றில் ஆறு எட்டு வைத்து, அவர்கள் படியேறிப் போய் நிற்க வேண்டும். சித்தப்பா அதுவரை ஒன்றுமே காதில் விழாதவர்போல் உட்கார்ந்திருப்பார்.

"என்னவாம்?"

நான் சொல்வேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசிப்பார்.

"மாடு போட்டது அவ்வளவுதான்னு சொல்லு. சந்தேகம்னா மாட்டுகிட்ட கேட்டுக்கச் சொல்லு."

இதையும் அவர் மெதுவாகச் சொல்வதில்லை. நான் திரும்பிவந்து வாயைத் திறக்குமுன்பே அப்பாவின் முகம் சிவந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். சொல்லி முடித்த பிறகுதான் கோபப்படுவார்.

ஒருமுறை அலுத்துப்போய்ச் சேதியைச் சுருக்கிச் சொன்னேன். நிழலைப் பற்றியும் எருவைப் பற்றியும் தம்பி என்ற முறையைப் பற்றியும் அப்பா சொல்லியனுப்பியதை, "அப்பா முடியாதுன்னுட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்தேன். திரும்பிவந்தால் அப்பா வாசலிலேயே நிற்கிறார். "நான் அப்பிடியா சொன்னேன்?" என்று கேட்டு, மறுபடி முழுவதையும் சொல்லி அனுப்பினார். நான் அங்கே சொல்வது இவருக்குக் கேட்கிறது. இவர் இங்கே சொல்வது அவருக்குக் கேட்கிறது. நடுவில் நான் எதற்கு என்று கேட்க அந்த லயத்தில் ஒருவருமில்லை.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவன் சேதியை மாற்றிச் சொல்லிச் சண்டையைப் பெரிதாக்கிவிடுவான் என்று ஆரம்பத்திலேயே அவனை ஒதுக்கிவிட்டார்கள். சித்தப்பாவின் பிள்ளைகள் இரண்டும் சின்னதுகள். 'பாப்பா ஒழுங்காச் சொல்லும்' என்று பேர் எடுத்ததுதான் நான் செய்த தப்பு.

அம்மாவிடம் முறையிட்டேன். அம்மாவும் சித்தியும் ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். பகல் முழுக்கப் பேசிச் சிரித்துவிட்டு, லயத்துக்கு வந்ததும் புருசன்மாருக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அப்பா குளிக்கப் போகிற நேரம் பார்த்துச் சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் வரும். அதில் அதே சவ்சவ் குழம்பு இருக்கும். அப்பா அதைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொல்வார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. நேரா பேசச் சொல்லுங்க."

"ஆம்பளைங்க விசயம், நமக்கென்ன. போய்ட்டு வந்துரு பாப்பா. ஆறு எட்டுதானே."

அந்த ஆறு எட்டை ஒரு நாளும் அம்மா நடந்து பார்த்ததில்லை.

அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை வந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சர் தினமும் ஒரு வினாத்தாள் கொடுத்து, மறுநாள் காலையில் திருத்துவார். நான் மட்டும் பாதியில் நிறுத்திய தாளோடு போய் நிற்பேன். "ஏன் பிள்ளை முடிக்கேல்லை?" என்று கேட்பார். சாணி விசயமாகப் போகவேண்டி இருந்தது என்று எப்படிச் சொல்வது? பிள்ளை சோம்பேறி என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு நாலு தடவை போய் வந்துவிட்டேன். கணக்கு ஒன்று பாதியில் நிற்கிறது. அப்பா ஐந்தாவது தடவையாக, "பாப்பா" என்றார்.

"அதான் சித்தப்பாவுக்குக் கேக்குதே. நீங்களே சொல்லுங்களேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் சத்தம் நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், அதுவும் நின்றது. அப்பா அடிப்பார் என்று நினைத்துக் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டு, "போய்ட்டு வா பாப்பா" என்றார், மிகவும் தணிந்த குரலில். கத்தியிருந்தால்கூட எதிர்த்து நின்றிருப்பேன். எழுந்து போனேன். போகிற வழியில் ஒரு முடிவுக்கு வந்தேன்.

மறு சனிக்கிழமை பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணன் பந்து விளையாடப் போய்விட்டான். அப்பாவும் சித்தப்பாவும் கவ்வாத்து வெட்டுகிறவர்கள். நல்ல கத்திகளை அவர்கள் கொண்டுபோயிருந்தார்கள். விறகு பிளக்கப் போட்டிருந்த பழைய கத்தி ஒன்று அடுப்படியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கொடியின் அடிக்குப் போனேன். தண்டு என் மணிக்கட்டு அளவுக்குப் பருத்திருந்தது. முதல் வெட்டில் தோல்தான் கிழிந்தது. இரண்டாவது வேறிடத்தில் விழுந்தது. பிறகு எண்ணவில்லை. மென்று துப்பிய கரும்புச் சக்கைபோல் நார் நாராகி, கடைசியில் முறுக்கித் திருகித்தான் அறுக்க முடிந்தது. கைவிரலெல்லாம் பசை பிடித்து வெள்ளையாகக் காய்ந்தது. எத்தனை கழுவியும் போகவில்லை.

இரண்டு மணிக்கு ஆண்கள் வேலை முடிந்து வரும்போது இலைகளெல்லாம் தொங்கிப்போயிருந்தன. அப்பா பின்பக்கம் போனவர், "எவன் வேல இது?" என்று போட்ட சத்தத்தில் பத்துக் காம்பராவும் எட்டிப் பார்த்தது. நான் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சித்தப்பா கையில் கவ்வாத்துக் கத்தியோடு இறங்கி வந்தார். பத்து மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு முழத் தூரத்தில் நின்றார்கள். ஒருவர் கையில் கத்தி. கொடிதானே போகும் என்று நினைத்தேன், ஆள் போய்விடுமோ என்று அப்போதுதான் தோன்றியது.

அப்பா குந்தி உட்கார்ந்து வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தார். சித்தப்பாவும் குந்தினார். வெகுநேரம் பார்த்தார்கள்.

"நான்தாண்ணே வெட்டுனேன்" என்றார் சித்தப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா அந்த நாரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒரே வெட்டா வெட்டியிருக்கலாம்ல."

"கத்தி மொட்டைண்ணே."

"தீட்டுறதுக்கென்ன?"

"தீட்டுற கல்லு ஒங்க வீட்லல்ல கெடக்கு."

"பாப்பாவ விட்டுக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?" என்ற அப்பா, ஏனோ மாட்டுக் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பத்து மாதம் என்னை நாயாக அலையவிட்டவர்கள், இப்போது கத்தி தீட்டுகிற கல்லைப் பற்றி, நேற்றுத்தான் பேச்சை விட்டதுபோல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவை நினைத்துக் கொஞ்சம் கேவலமாகவும் இருந்தது. இருபது வருடம் கவ்வாத்து வெட்டியவர். வெட்டின தேயிலைச் செடியைப் பார்த்தே அது யார் கை வெட்டு என்று சொல்லிவிடுவார். சித்தப்பாவின் வெட்டு சாய்வாக, ஒரே வீச்சில், வழவழவென்று இருக்கும் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் அந்தச் சக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சித்தப்பா சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். ஆனாலும் நான் தப்பித்தேன். அது போதும் என்றிருந்தது.

அன்று சாயந்திரமே பழைய பந்தலைப் பிரித்து, மாட்டுக் கொட்டில் கூரைப் பக்கமாகப் புதிதாகக் கட்டினார்கள். இனி நிழல் யார் பாத்தியிலும் விழாது. வேரில் உயிர் இருக்கிறது, தண்ணீர் விட்டால் துளிர்க்கும் என்றார் அப்பா. அதற்குப் பிறகு தினமும் சாயந்திரம் இரண்டு பேரும் சுவருக்கு மேலாகச் சத்தம்போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். பத்து மாதத்துப் பேச்சு பாக்கி இருந்தது. அந்தச் சத்தத்தில் என்னால் ஒரு கணக்கும் போட முடியவில்லை. இதற்கு நடந்தே தொலைத்திருக்கலாம்.

அதைவிடக் கொடுமை தண்ணீர் ஊற்றுகிற வேலை. மாசி மாதப் பனி. விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கீழே ஊற்றுப் பீலிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து, மேடேறிக் கொண்டுவந்து அந்த வேருக்கு ஊற்ற வேண்டும். சாயந்திரமும் இரண்டு வாளி. துளிர் விடும்வரை இது என் வேலை என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து நின்று, "மேல ஊத்தாத பாப்பா, அடில ஊத்து" என்பார். ஒரு நாளாவது வாளியை வாங்கியதில்லை.

"நான் மட்டும் ஏன் ஊத்தணும்?" என்று கேட்டேன்.

"நீதான் ஒழுங்காச் செய்வ" என்றார் அப்பா. சித்தப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அண்ணன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான். கொடியை வெட்டியது தான்தான் என்று சித்தப்பா தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். வெட்டியவர் தேத்தண்ணி குடிக்கிறார், நான் தண்ணீர் சுமக்கிறேன். இது என்ன நியாயம் என்று ஒரு நாள் காலை வாளியைத் தடாலென்று வைத்துவிட்டு அம்மாவிடமே கேட்டேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊத ஆரம்பித்தார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.